சராசரியை வைத்து முடிவெடுக்கலாமா? புள்ளியியலுக்கும் செயல்முறை ஆராய்ச்சிக்கும் ஓர் எளிய அறிமுகம்

வணிகமோ மேலாண்மையோ படிப்பவர்களுக்குப் புள்ளியியலும் செயல்முறை ஆராய்ச்சியும் அடுத்தடுத்த பாடங்களாக வரும். முதலில் சராசரி, திட்ட விலக்கம், நிகழ்தகவு, ஒட்டுறவு. அப்புறம் நேரியல் திட்டமிடல், போக்குவரத்துக் கணக்கு, வரிசைக் கோட்பாடு. பலரும் இரண்டையும் தனித்தனியாகப் படித்து, தனித்தனியாகத் தேர்வெழுதி, தனித்தனியாகவே மறந்தும் விடுகிறார்கள். இவை ஏன் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டன என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

காரணம் இருக்கிறது. ஒரு நிறுவனம் எடுக்கும் எந்த முடிவுக்குள்ளும் இரண்டு கேள்விகள் இருக்கும். நாளை என்னவெல்லாம் நடக்கலாம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு? இது புள்ளியியலின் வேலை. ஆள், நேரம், பணம், இடம் எல்லாமே ஓர் அளவுக்குத்தான் இருக்கின்றன என்னும்போது எதைச் செய்தால் நல்லது? இது செயல்முறை ஆராய்ச்சியின் வேலை. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை முழுதாக இரண்டாவது கேள்விக்குக் கொண்டுபோக வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறதென்றால், அந்தப் பதிலிலிருந்து சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த மிச்சத்தைப் பற்றியது. கூட்டல், பெருக்கல், சதவீதம் தெரிந்தால் போதும், படித்துவிடலாம்.

சராசரி 100 என்றால் எத்தனை வாங்குவது?

ஒருவர் தினமும் காலையில் நாளிதழ்களை வாங்கி விற்கிறார். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் லாபம் 6. மாலை வரை விற்காமல் மிஞ்சினால் ஒவ்வொன்றுக்கும் நட்டம் 2. எந்த நாணயம் என்பது முக்கியமில்லை. கடந்த 100 நாள்களில் எத்தனை பேர் கேட்டு வந்தார்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். 10 நாள்களில் 80 பேர், 20 நாள்களில் 90 பேர், 40 நாள்களில் 100 பேர், 20 நாள்களில் 110 பேர், 10 நாள்களில் 120 பேர். சராசரி சரியாக 100.

நாளைக்கு எத்தனை வாங்குவது? பெரும்பாலோர் யோசிக்காமல் 100 என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

100 வாங்கினால், 80 பேர் வரும் நாளில் லாபம் 480, மிஞ்சும் 20க்கு நட்டம் 40, ஆக 440. 90 பேர் வரும் நாளில் 520. அதற்கு மேல் எத்தனை பேர் வந்தாலும் 600தான். இவற்றை அந்தந்த வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் ஒரு நாளுக்கு எதிர்பார்க்கும் லாபம் 568 வருகிறது. இதே மாதிரி 110க்குப் போட்டால் 572. 120க்குப் போட்டால் 560. ஆக, 110 வாங்குவதே நல்லது.

இதற்குக் குறுக்குவழி உண்டு. ஏற்கெனவே 100 எடுத்தாயிற்று, இன்னொன்றை எடுக்கலாமா என்று மட்டும் யோசியுங்கள். அது விற்றால் 6 வரும், விற்காவிட்டால் 2 போகும். அப்படியானால் விற்கும் வாய்ப்பு 25 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை எடுத்துக்கொண்டே போகலாம், ஏனென்றால் 2ஐ 8ஆல் வகுத்தால் கால் பங்கு. 101 முதல் 110 வரையான பிரதிகள் விற்க 30 சதவீத வாய்ப்பு இருக்கிறது, எடுக்கலாம். 111வது விற்க வாய்ப்பு 10 சதவீதம், அங்கே நிறுத்திவிட வேண்டும். முழுக் கணக்கும் இவ்வளவுதான்.

இப்போது எண்களை மாற்றிப் போடுவோம். லாபம் 2, நட்டம் 6. கேட்டு வருபவர்கள் அதே ஆள்கள், சராசரி அதே 100. இந்த முறை விற்கும் வாய்ப்பு 75 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் எடுக்கலாம். 90 வரை எடுப்பது சரி, அதற்கு மேல் கூடாது. அதே தரவு ஒருமுறை 110 என்கிறது, இன்னொரு முறை 90 என்கிறது. இரண்டு முறையும் விடை சராசரியில் வந்து நிற்கவில்லை.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. 568க்கும் 572க்கும் உள்ள வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. 'இதற்கா இத்தனை கணக்கு' என்று தோன்றலாம். ஆனால் அதுவும் கணக்குப் போட்டதால் தெரிந்த செய்திதானே. உச்சப் புள்ளிக்குப் பக்கத்தில் லாபம் அவ்வளவாக மாறுவதில்லை, எனவே 105 வாங்கினாலும் குடி மூழ்கிவிடாது. எங்கே துல்லியம் தேவை, எங்கே தேவையில்லை என்பதையும் இப்படி எண்களைக் கொண்டு கட்டிய கணக்கு மாதிரிதான் சொல்லும். நாளிதழுக்குப் பதிலாக ஒரு பருவத்தோடு விற்பனை முடிந்துவிடும் ஆடை வகையாகவோ, லாபம் மிக அதிகமும் தேவை மிகவும் ஏறி இறங்குவதுமான ஒரு பொருளாகவோ இருந்தால் அந்த இடைவெளி விரியும்.

செய்தித்தாள் விற்பவர் கணக்கு என்றே இதற்குப் பெயர். 1888இலேயே எட்ஜ்வொர்த் என்ற பொருளியலாளர் இதே தர்க்கத்தை வைத்து, வாடிக்கையாளர்கள் பணம் கேட்டு வந்தால் கொடுப்பதற்கு ஒரு வங்கி எவ்வளவு ரொக்கம் வைத்திருக்க வேண்டும் என்று யோசித்தார். 1972இல் பிரிட்டிஷ் விமான நிறுவனமான பி.ஓ.ஏ.சி.யில் வேலை செய்த கென் லிட்டில்வுட், கடைசி நேரத்தில் முழுக் கட்டணம் கொடுத்து வருபவர்களுக்காக எத்தனை இருக்கைகளை ஒதுக்கி வைக்கலாம் என்பதற்குச் சொன்ன விதியும் ஏறக்குறைய இதுதான். விமானப் பயணச்சீட்டின் விலை நாளுக்கு நாள் மாறுவதற்குப் பின்னால் இருக்கும் கணக்குகள் இதிலிருந்து வளர்ந்தவை.

100 அடியா, 25 அடியா

செயல்முறை ஆராய்ச்சி பிறந்தது வணிகத்தில் இல்லை, ராணுவத்தில். 1930களின் கடைசியில் பிரிட்டனில் ரேடார் கருவி தயாராகிவிட்டது. கருவி வேலை செய்தது. ஆனால் அது தரும் தகவலை வைத்து எந்த விமானத்தை எப்போது எங்கே அனுப்புவது என்பது தனிச் சிக்கலாக நின்றது. இதற்காக விஞ்ஞானிகளை உட்கார வைத்தார்கள். கருவியை ஆராய்வதோடு நிற்காமல், அதைப் பயன்படுத்தும் செயல்முறையை ஆராய்ந்ததால் இந்தப் பெயர். இரண்டாம் உலகப் போரில் இந்த வேலையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் பேட்ரிக் பிளாக்கெட், பின்னாளில் 1948இல் இயற்பியல் நோபல் பெற்றவர்.

அந்தக் காலத்து வேலைகளில் ஒன்று நம் விஷயத்துக்கு மிகவும் பொருந்தும். நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டால் விமானம் வெடிகலங்களைக் கடலில் போடும். அவை குறிப்பிட்ட ஆழம் போனதும் வெடிக்கும். எந்த ஆழம்? நீர்மூழ்கி சராசரியாக இரண்டு நிமிடம் முன்னதாகவே விமானத்தைப் பார்த்துவிடுகிறது, அதற்குள் சுமார் 100 அடி இறங்கிவிடும், எனவே 100 அடியில் வெடிக்கட்டும் என்று வைத்திருந்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

இ. ஜே. வில்லியம்ஸ் என்ற இயற்பியலாளர் இதில் ஓட்டை இருப்பதைக் கண்டார். முன்னதாகவே பார்த்து மூழ்கிவிட்ட கப்பல் அதற்குள் எந்தப் பக்கம் திரும்பியதோ, எவ்வளவு தூரம் போனதோ, யாருக்கும் தெரியாது. ஆழத்தைச் சரியாக வைத்தாலும் இடம் தவறிவிடும். அதைத் தாக்கவே முடியாது என்று விட்டுவிட வேண்டியதுதான். விமானத்தைக் கவனிக்காமல் இன்னும் மேலேயே இருக்கும் கப்பலின் இடம் தெளிவாகத் தெரியும். ஆனால் வெடிகலமோ 100 அடிக்குப் போய் வெடிக்கிறது, மேலே இருப்பவன் தப்பிவிடுகிறான். ஆக, பிடிக்க முடியாதவர்களையும் சேர்த்துப் போட்ட சராசரி, பிடிக்கக்கூடியவர்களையும் தப்பவிட்டது. வெடிக்கும் ஆழத்தைப் படிப்படியாக 25 அடிக்குக் குறைத்தார்கள். தாக்குதலின் பலன் வெகுவாகக் கூடியது. புது ஆயுதம் எதையும் வாங்கவில்லை.

இதை வணிக மொழியில் சொல்வதானால், நம் முடிவு யாரைப் பாதிக்குமோ அவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட வேண்டும். தள்ளுபடி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வாங்குபவர்கள் உண்டு, எதைக் கொடுத்தாலும் வாங்காதவர்களும் உண்டு. இவர்கள் எல்லோரையும் சேர்த்துச் சராசரி போட்டுத் தள்ளுபடி எவ்வளவு என்று தீர்மானிப்பது அதே 100 அடித் தவறுதான்.

தரவில் இல்லாதவர்கள்

நாளிதழ்க் கணக்கில் நான் ஒரு விஷயத்தைச் சத்தமில்லாமல் தாண்டி வந்தேன். 'எத்தனை பேர் கேட்டு வந்தார்கள்' என்று அவர் குறித்து வைத்திருப்பதாகச் சொன்னேன். நிஜத்தில் நிறுவனங்களிடம் இருப்பது எத்தனை விற்றது என்ற கணக்கு. 100 வாங்கி 100ம் காலை பத்து மணிக்கே தீர்ந்த நாளில், அப்புறம் வந்து திரும்பிப் போனவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. விற்பனையைத் தேவை என்று நினைத்துக்கொண்டு சராசரி போட்டால் அது எப்போதும் குறைவாகத்தான் வரும். அந்தக் குறைந்த சராசரியை நம்பி அடுத்த மாதம் குறைவாக வாங்குவார்கள், விற்பனை மேலும் குறையும். 'பார்த்தீர்களா, தேவை இறங்கிக்கொண்டே வருகிறது' என்று அறிக்கையும் தயாராகிவிடும்.

ஆபிரகாம் வால்டு என்ற புள்ளியியலாளர் போர்க்காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் குழுவில் செய்த வேலை இந்த வகையைச் சேர்ந்தது. திரும்பி வந்த விமானங்களின் உடம்பில் எங்கெங்கே குண்டு பட்டிருக்கிறது என்ற தரவு கையில் இருந்தது. திரும்பாத விமானங்களைப் பற்றி ஒன்றும் இல்லை. இருப்பதை வைத்து இல்லாததை மதிப்பிடும் முறையை அவர் வகுத்தார். ஒரு பாகத்தில் அடிபட்ட விமானங்கள் நிறையத் திரும்பி வந்திருந்தால், அந்தப் பாகத்து அடியை விமானம் தாங்கும் என்று பொருள். எந்தப் பாகத்தில் ஓட்டை குறைவாகத் தெரிகிறதோ அங்கே பட்டவை திரும்பவில்லை. வாடிக்கையாளர் கருத்துக்கணிப்பு நடத்தும் எவரும் தங்கள் சுவரில் எழுதி வைக்க வேண்டிய கதை இது. ஏற்கெனவே விலகிப் போனவர்கள் படிவம் நிரப்பித் தரமாட்டார்கள்.

தரவு எவ்வளவு வேண்டும் என்பதும் தொடக்கத்தில் எல்லோரையும் குழப்பும். பெரிய எண்ணிக்கை இருந்தால்தான் புள்ளியியல் என்ற எண்ணம் தவறு. டப்ளினில் கின்னஸ் மதுவடி ஆலையில் வேலை செய்த வில்லியம் கோசெட்டுக்குக் கிடைத்ததெல்லாம் சில சோதனைகளின் முடிவுகள் மட்டுமே. அந்தச் சின்ன மாதிரிகளை, அதாவது கொஞ்சமே எடுத்துப் பார்த்த தரவை, வைத்து எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்று அவர் கண்டுபிடித்ததுதான் இன்று பாடப்புத்தகத்தில் இருக்கும் டி-சோதனை. நிறுவனம் ஊழியர்களைச் சொந்தப் பெயரில் ஆய்வுகளை வெளியிட அனுமதிக்கவில்லை. அதனால் 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதினார்.

மாதிரியின் அளவைக் கூட்டினால் பிழை குறையும், ஆனால் மெதுவாகக் குறையும். எத்தனை சதவீதம் பேர் ஒரு பொருளை விரும்புகிறார்கள் என்று 400 பேரிடம் கேட்டால், வழக்கமான 95 சதவீத நம்பிக்கை அளவில் (இப்படி நூறு முறை கேட்டால் 95 முறை சரியாக இருக்கும் என்ற அளவில்) விடை அதிகபட்சம் 5 சதவீதப் புள்ளி முன்பின்னாக இருக்கும். அதைப் பாதியாக்க 800 பேர் போதாது, 1600 பேர் வேண்டும். பிழை பாதியாக வேண்டுமென்றால் மாதிரி நான்கு மடங்காக வேண்டும். அப்படியானால் எங்கே நிறுத்துவது? புள்ளியியல் பாடம் இந்தக் கேள்விக்கு 5 சதவீதம், 1 சதவீதம் என்று ஏதோ ஒரு மரபான எண்ணைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். நியாயமான பதில் முடிவின் பக்கத்திலிருந்துதான் வரும். 30 சதவீதம் பேர் விரும்பினாலே லாபம், கணிப்போ 45 முதல் 55 வரை என்கிறது. அப்படியென்றால் இனி ஒரு ஆளிடம்கூடக் கேட்க வேண்டியதில்லை. எல்லை 48 சதவீதம் என்றால்தான் இன்னும் பணம் செலவழித்துக் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. முடிவை மாற்றாத துல்லியத்துக்குக் காசு கொடுப்பது வீண்.

ஒட்டுறவைப் பற்றி, அதாவது இரண்டு எண்கள் சேர்ந்தே மாறுவதைப் பற்றி, எச்சரிக்கையாக ஒரு வரி சொல்லாமல் போகக் கூடாது. விளம்பரச் செலவு கூடிய மாதங்களில் விற்பனையும் கூடியிருக்கிறது என்றால், விளம்பரத்தால் விற்பனை கூடியதா, விற்பனை கூடும் பருவம் தெரிந்துதான் விளம்பரத்துக்கு அதிகம் ஒதுக்கினார்களா? எத்தனை ஆண்டுத் தரவைப் புரட்டினாலும் அந்தத் தரவு மட்டுமே இதற்குப் பதில் சொல்லாது. சில பகுதிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் விளம்பரம் கொடுத்துப் பார்த்தால் சொல்லும்.

இரண்டு பை, இரண்டு பிரிவு

சரி, இனி செயல்முறை ஆராய்ச்சியின் பக்கம் முழுதாகத் திரும்பலாம். அதன் மையத்தில் இருப்பது நேரியல் திட்டமிடல், அதாவது இருக்கும் வரம்புகளுக்குள் மிக நல்ல கலவையைக் கண்டுபிடிக்கும் முறை.

ஒரு பட்டறையில் பெரிய பை, சின்னப் பை என்று இரண்டு வகை செய்கிறார்கள். பெரிய பைக்கு லாபம் 5, சின்னதுக்கு 4. எந்தப் பையானாலும் வெட்ட ஒரு மணி நேரம். தைக்கப் பெரியதுக்கு 2 மணி, சின்னதுக்கு 1 மணி. வாரத்துக்கு வெட்டும் பிரிவில் 80 மணி நேரம் இருக்கிறது, தைக்கும் பிரிவில் 100 மணி நேரம். என்ன செய்யலாம்?

லாபம் அதிகமென்று பெரிய பையை மட்டும் செய்தால் தையல் நேரம் 50 பையில் முடிந்துவிடும், லாபம் 250. சின்னது மட்டும் செய்தால் வெட்டும் நேரம் 80 பையில் முடியும், லாபம் 320. தையல் பிரிவில் 20 மணி நேரம் சும்மா கிடக்கும். 20 பெரிய பை, 60 சின்னப் பை என்று கலந்து செய்தால் இரண்டு பிரிவும் முழுதாக ஓடும், லாபம் 340. இதைவிட நல்ல கலவை இல்லை. வரைபடத்தாளில் இரண்டு கோடுகள் போட்டால் செய்ய முடிகிற கலவைகள் எல்லாம் ஒரு நாற்கரத்துக்குள் அடங்கும், நல்ல விடை எப்போதும் அதன் ஏதோ ஒரு முனையில் இருக்கும்.

பாடம் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடுகிறது. எனக்கு இதற்கடுத்த கேள்விதான் சுவையானது. ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தால் அதற்கு எவ்வளவு கொடுக்கலாம்?

தையலில் ஒரு மணி கூட்டி 101 ஆக்குங்கள். விடை 21 பெரியது, 59 சின்னது, லாபம் 341. ஒரு மணிக்கு மதிப்பு 1. வெட்டுவதில் ஒரு மணி கூட்டி 81 ஆக்குங்கள். விடை 19 பெரியது, 62 சின்னது, லாபம் 343. ஒரு மணிக்கு மதிப்பு 3. இரண்டு பிரிவுமே மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுகின்றன. தளத்தில் போய் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே அளவு நெருக்கடியில்தான் தெரியும். ஆனால் மிகைநேரக் கூலி கொடுக்கப் பணம் இருந்தால் அது வெட்டும் பிரிவுக்குத்தான் போக வேண்டும். அதுவும் மணிக்கு 3 வரை கூடுதலாகக் கொடுத்தால் கட்டுப்படியாகும், அதற்கு மேல் நட்டம். வெட்டும் நேரம் 100ஐத் தொட்டதும் இந்த மதிப்பு சட்டென்று பூஜ்யமாகிவிடும், ஏனென்றால் அப்போது தைக்க ஆளில்லை.

இந்த 1, 3 என்ற எண்களுக்கு நிழல் விலை என்று பெயர். எந்தக் கணக்குப் பதிவேட்டிலும் இருக்காது, எந்தச் சந்தையிலும் எழுதி வைத்திருக்கமாட்டார்கள். என்னைக் கேட்டால், எத்தனை பை செய்வது என்ற விடையைவிட மேலாளருக்கு இதுவே அதிகம் உதவும்.

இரண்டு பை, இரண்டு பிரிவு என்பதால் தாளில் போட்டோம். நூற்றுக்கணக்கான பொருள், நூற்றுக்கணக்கான கட்டுப்பாடு என்றால் முனைகளை எண்ணி முடியாது. 1939இல் சோவியத் ஒன்றியத்தில் லியோனித் கான்டொரோவிச் ஓர் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையின் சிக்கலிலிருந்து தொடங்கி இந்த வகைக் கணக்குகளுக்கு ஒரு வழி சொன்னார். 1947இல் அமெரிக்காவில் ஜார்ஜ் டான்ட்சிக், ஒரு முனையிலிருந்து அதைவிட நல்ல முனைக்கு நகர்ந்துகொண்டே போகும் சிம்ப்ளெக்ஸ் முறையை உருவாக்கினார். 1975இல் பொருளியல் நோபல் பரிசு கான்டொரோவிச்சுக்கும் பொருளியலாளர் கூப்மன்ஸுக்கும் கிடைத்தது, டான்ட்சிக்குக் கிடைக்கவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்னும் அதைக் குறையாகச் சொல்வதுண்டு. 1984இல் பெல் ஆய்வகத்தில் இருந்த நரேந்திர கர்மார்க்கர், முனை முனையாகப் போகாமல் உள்ளே புகுந்து குறுக்காகச் செல்லும் இன்னொரு முறையைக் கொடுத்தார்.

டான்ட்சிக்கின் முறைக்கு ஆரம்பத்தில் வைத்த சோதனைகளில் ஒன்று, 77 உணவுப் பொருள்களைக் கொண்டு 9 சத்துகளைக் குறைந்த செலவில் பெறுவது எப்படி என்பது. பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945இல் இதற்குக் கையால் கணக்கிட்டு, ஊகமும் கலந்து, ஆண்டுக்கு 39.93 டாலர் என்று ஒரு விடை சொல்லியிருந்தார். கணினி இல்லாத 1947இல் மேசைக் கணக்குப் பொறிகளோடு ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். மொத்தம் 120 ஆள்நாள் ஆனது. வந்த விடை 39.69 டாலர். ஸ்டிக்லர் 24 சென்ட் மட்டும்தான் தவறியிருந்தார். நல்ல ஊகம் எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு இது சான்று. ஊகம் நல்லதா இல்லையா என்று தெரிய, சரியான விடை கையில் இருக்க வேண்டும் என்பதற்கும் இதுவே சான்று.

காத்திருக்கும் வரிசை

புள்ளியியலும் செயல்முறை ஆராய்ச்சியும் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கும் இடம் வரிசைக் கோட்பாடு. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்த ஏ. கே. எர்லாங், தொலைபேசி அழைப்புகளின் வருகையைப் பற்றி 1909இல் எழுதிய கட்டுரையிலிருந்து இது தொடங்குகிறது.

ஒரு சேவை முகப்பு. ஒருவரைக் கவனிக்கச் சராசரியாக 6 நிமிடம், அதாவது மணிக்கு 10 பேர். வருபவர்கள் மணிக்கு 9 பேர். சராசரியை மட்டும் பார்த்தால் கவலையே இல்லை. 10 பேரைக் கவனிக்க முடியும், 9 பேர்தான் வருகிறார்கள், யாரும் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் ஆள்கள் கடிகாரத்தைப் பார்த்துச் சீராக வருவதில்லை. சில நிமிடங்களில் மூன்று பேர் சேர்ந்து வருவார்கள், சில நேரம் யாருமே வரமாட்டார்கள். ஒருவருக்கு இரண்டு நிமிடத்தில் வேலை முடியும், இன்னொருவருக்கு இருபது நிமிடம் ஆகும். வருகையும் சேவை நேரமும் இப்படித் தற்செயலாக மாறும் என்ற எளிய மாதிரியில் சராசரிக் காத்திருப்பு 54 நிமிடம்.

நம்ப முடியவில்லை என்றால் படிப்படியாகப் பாருங்கள். மணிக்கு 5 பேர் வந்தால் காத்திருப்பு 6 நிமிடம். 8 பேர் என்றால் 24 நிமிடம். 9 பேருக்கு 54. ஒன்பதரை என்றால் 114 நிமிடம், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். முகப்பு சும்மா இருந்த நேரம் போனது போனதுதான், அதைச் சேமித்து வைத்துக் கூட்டம் வரும்போது செலவழிக்க முடியாது. அதனால்தான் ஊழியர்களை நூறு சதவீதம் வேலையில் வைத்திருப்பதே திறமை என்று நினைக்கும் இடங்களில் எல்லாம் வரிசை தெருவரை நீள்கிறது.

இன்னொரு முகப்பைத் திறந்து, இரண்டுக்கும் ஒரே பொது வரிசை வைத்தால்? 54 நிமிடம் பாதியாகிவிடும் என்று நினைப்போம். ஒன்றரை நிமிடமாகிறது. பதிலுக்கு ஊழியர்கள் பாதி நேரத்துக்கு மேல் சும்மா இருப்பார்கள். அவர்களின் சம்பளமா, வாடிக்கையாளரின் ஒரு மணி நேரமா என்று நிறுவனம் தீர்மானிக்க வேண்டும். அதைக் கோட்பாடு தீர்மானிக்காது, இரண்டு பக்கத்துக் கணக்கையும் எடுத்து வைக்கும்.

சூத்திரம் கைகொடுக்காத இடங்களில் கணினியை விட்டு நாளைய தினத்தை ஆயிரம் முறை நடத்திப் பார்ப்பார்கள். இதற்கு உருவகப்படுத்தல் என்று பெயர். ஒரு திட்டத்தில் பத்து வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன, எல்லாம் முடிந்தால்தான் அடுத்த கட்டம். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குறித்த நேரத்தில் முடிய 90 சதவீத வாய்ப்பு. ஒவ்வொரு பொறுப்பாளரும் 'அநேகமாக முடிந்துவிடும்' என்கிறார், அவர் சொல்வதும் உண்மை. பத்தும் சேர்ந்து முடிய வாய்ப்பு வெறும் 35 சதவீதம். இதைக் கணக்கிட உருவகப்படுத்தல்கூட வேண்டாம், 0.9ஐப் பத்து முறை பெருக்கினால் போதும். வேலைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால்தான் கணினி தேவைப்படும்.

வாகனப் பாதை, பணியாளர் அட்டவணை போன்ற கணக்குகள் வேறு வகைக் கடினம். அங்கே சிக்கல் நிச்சயமின்மையில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. கிடங்கையும் சேர்த்து 15 இடங்களுக்குப் போய்த் திரும்ப 4,358 கோடிக்கு மேல் வழிகள் உண்டு. டான்ட்சிக்கும் இரண்டு சகாக்களும் 1954இல் 49 நகரங்களுக்கு மிகக் குறுகிய சுற்றைக் கண்டுபிடித்தபோது எல்லா வழிகளையும் எண்ணிப் பார்க்கவில்லை, எண்ணத் தேவையில்லாதபடி கழித்துக்கொண்டே வந்தார்கள்.

எப்படிப் படிப்பது

பாடத்திட்டத்தின் வரிசையை அப்படியே பின்பற்ற வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் பரவலை, அதாவது எந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்பதை, புரிந்துகொள்ளுங்கள். எந்தத் தரவு கைக்கு வந்தாலும் சராசரி போடும் முன் ஒரு நிகழ்வெண் படம் வரையுங்கள். ஒற்றை மேடா, இரட்டை மேடா, ஒரு பக்கம் வால் நீள்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அடுத்து நிபந்தனை நிகழ்தகவு, அதாவது ஒன்று நடந்துவிட்டது என்று தெரிந்தபின் இன்னொன்றுக்கு உள்ள வாய்ப்பு. நீர்மூழ்கிக் கதை, விமானக் கதை, இரண்டுமே அதுதான். டி-சோதனை போன்ற கருதுகோள் சோதனைகளை நிதானமாகப் பிறகு படிக்கலாம். முதல் மாதத்திலேயே அவற்றில் மாட்டிக்கொண்டு அட்டவணை பார்க்கப் பழகுவதால்தான் பலருக்குப் புள்ளியியல் கசந்துபோகிறது.

நேரியல் திட்டமிடலில், சிம்ப்ளெக்ஸ் அட்டவணையைக் கையால் இரண்டு மூன்று முறை போட்டுப் பாருங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய அது போதும். தேர்வுக்காக இருபது கணக்கு போடுவது வேறு விஷயம். அப்புறம் எக்செலில் இருக்கும் சால்வரையோ, பைத்தானில் கிடைக்கும் இலவச நூலகங்களையோ பயன்படுத்தி, விடையோடு வரும், எண்கள் மாறினால் விடை எப்படி மாறும் என்று சொல்லும் உணர்திறன் அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நிழல் விலை அங்கேதான் இருக்கும். ஒரு நிலைமையை வார்த்தையில் சொன்னால் அதை மாறிகளாகவும் கட்டுப்பாடுகளாகவும் எழுதத் தெரிவதே அரிய திறமை. தீர்ப்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

கணிதம் எவ்வளவு வேண்டும்? தொடங்குவதற்குப் பள்ளி அளவு இயற்கணிதமும் நிகழ்தகவும் போதும். ஆழமாகப் போக அணிகளும் கொஞ்சம் நுண்கணிதமும் தேவைப்படும். அவை தேவைப்படும்போது படித்துக்கொள்ளலாம்.

நீங்களே ஒரு மாதிரி கட்டும் நிலைக்கு வந்ததும் அதைப் பழைய தரவில் ஓட்டிப் பாருங்கள். கடைசி மூன்று மாதத் தரவை ஒதுக்கி வைத்துவிட்டு, அதற்கு முந்தையதை மட்டும் மாதிரிக்குக் கொடுத்து, ஒவ்வொரு நாளும் அது என்ன முடிவு சொல்லியிருக்கும் என்று எழுதுங்கள். பக்கத்திலேயே 'நேற்று எவ்வளவு போனதோ இன்றும் அவ்வளவே வாங்கு' என்பது போல ஒரு மொட்டை விதியின் முடிவுகளையும் எழுதுங்கள். இரண்டின் லாபத்தையும் கூட்டிப் பாருங்கள். உங்கள் மாதிரி அந்த மொட்டை விதியைத் தாண்டவில்லை என்றால், தாண்டும்வரை மொட்டை விதியையே பயன்படுத்துங்கள்.